டி அண்ட் டி-க்கு ஏன் இப்போது இவ்வளவு மவுசு? ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் மட்டும் காரணமில்லை

பின்னால் வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியை ஒருமுறை சுருக்கிவிடுகிறேன். நாலைந்து பெரியவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, "என் மந்திரவாதி இப்போ கதவைத் தட்டுறா" என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள், அதை இணையத்தில் லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள், நியூயார்க்கில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் அரங்கத்தில் உட்கார்ந்தும் பார்க்கிறார்கள். 1974-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) விளையாட்டுக்கு இப்போது என்ன திடீர் மவுசு, ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் என்ற நெட்ஃபிக்ஸ் தொடர்தானே காரணம், இந்த அலை வடியுமா என்பது கேள்வி.

தொடர் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் அதுவே காரணம் என்று சொல்பவர்கள் பாதிக் கதையில் நுழைந்தவர்கள். என் கணக்கில் இந்த விளையாட்டுக்கு ஆரம்பத்திலிருந்து இருந்த பெரிய தடை கெட்ட பெயரும் இல்லை, 'இது படிப்ஸ் பசங்க சமாச்சாரம்' என்ற கேலியும் இல்லை. அதைக் கற்றுக்கொள்ள வழியே இல்லாததுதான். ரம்மியைப் புத்தகம் படித்துக் கற்றவர் யாராவது உண்டா? மாமாவின் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து நாலு ஆட்டம் பார்த்துத்தான் எல்லோரும் கற்றோம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸும் அப்படித்தான், ஆனால் அந்த மாமா ஊருக்கு ஒருவர்கூட இல்லை. 2015-க்குப் பிறகு இணையம் அந்த மாமாவை எல்லோர் வீட்டுக்கும் அனுப்பியது. மிச்சமெல்லாம் அதன் மேல் வந்து சேர்ந்தவை.

முதலில் இது என்ன என்று தெரியாதவர்களுக்கு. ஒருவர் டிஎம், அதாவது டன்ஜன் மாஸ்டர். உலகத்தையும் அதில் வரும் மற்ற எல்லோரையும் அவர் பேசுவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம், அதன் திறமைகள் எண்களாக ஒரு தாளில். அவ்வளவுதான். எங்கள் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். குழு ஒரு கோட்டைக்குள் போக வேண்டும், வாசலில் காவலாளி. ஒருவன் சொன்னான், "நான் அவன்கிட்ட போய், ராஜா அனுப்பின வரி வசூல்காரன்னு சொல்றேன்." டிஎம் மனதுக்குள் ஒரு எண் வைத்துக்கொண்டார்: 15. "உருட்டு." இருபது முகப் பகடையில் விழுந்தது 9, அவன் பேச்சுத் திறமைக்கு 5 சேர்த்தால் 14. ஒன்று குறைகிறது. கணினி விளையாட்டாக இருந்தால் காவலாளி கத்தியை உருவியிருப்பான். டிஎம் ஒரு நொடி யோசித்துவிட்டு, காவலாளியின் குரலில், "ஐயா, நல்ல வேளை வந்தீங்க! ரெண்டு வருஷக் கணக்கு முடிக்காமக் கெடக்கு, வாங்க, பெரியவரே பார்க்கணும்னு சொல்லிட்டு இருந்தார்" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய்விட்டார். உள்ளே போயாகிவிட்டது, ஆனால் இப்போது ராத்திரி முழுக்கக் கணக்குப் பார்க்க வேண்டும், நண்பர்கள் மூன்று பேர் மதிலுக்கு வெளியே. அந்த ஒரு எண் குறைவிலிருந்துதான் அடுத்த இரண்டு மணி நேரக் கதையே பிறந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள், இந்த "தோற்றாலும் கதை நகர வேண்டும்" என்கிற சூட்சுமத்தை விதிப்புத்தகத்தில் எப்படி எழுதுவது? எழுதலாம். படிப்பவனுக்கு ஏறாது.

1974 ஜனவரியில் வந்த முதல் பதிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரச்சினை அங்கேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊர். கேரி கைகாக்ஸ் காப்பீட்டு நிறுவன வேலை போய், வீட்டில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர். மினசோட்டா பக்கம் டேவ் ஆர்னசன் என்ற இளைஞர், பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டில் 'ஆளுக்கு ஒரு படை' என்பதை 'ஆளுக்கு ஒரு ஆள்' என்று மாற்றி, அந்த ஆள் வாரா வாரம் வளர்ந்துகொண்டே போவது மாதிரி பிளாக்மூர் என்ற கற்பனை உலகத்தில் நண்பர்களை விளையாடவிட்டுக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து எழுதியதுதான் டி அண்ட் டி. பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர், ஆயிரம் பிரதிகள், எல்லாம் கையால் அடுக்கிப் பெட்டியில் போட்டவை. வாங்கியவன் திறந்து பார்த்தால் தலைகால் புரியாது. சண்டை போட செயின்மெயில் என்ற இன்னொரு விதிப்புத்தகம் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதியிருந்தார்கள். காட்டில் அலையும் பகுதிக்கு வேறொரு நிறுவனத்தின் அவுட்டோர் சர்வைவல் என்ற பலகை விளையாட்டை வாங்கி அதன் வரைபடத்தைப் பயன்படுத்தச் சொன்னார்கள்! அரிசோனாவில் கென் செயின்ட் ஆண்ட்ரே என்பவர் இந்த விதிகளைப் படித்து வெறுத்துப்போய், இதைவிட எளிதாக நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்து 1975-இல் டன்னல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ் என்று இன்னொரு விளையாட்டையே வெளியிட்டுவிட்டார். உலகின் இரண்டாவது ரோல்பிளேயிங் கேம் (இப்படி ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி ஆடும் விளையாட்டு) பிறந்ததற்குக் காரணமே முதலாவது புரியாததுதான்.

ஆனாலும் பரவியது. எப்படி என்றால், தெரிந்த ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து. கல்லூரி விடுதி, ராணுவ முகாம், அண்ணன் தம்பி. அதனால் ஊருக்கு ஊர் விதி வேறு.

"இப்போதுதான் முதல்முறையாக வெகுஜனத்துக்கு வந்திருக்கிறது" என்று எழுதுகிறார்களே, அதுவும் சரியில்லை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொம்மைக் கடைகளிலேயே இந்தப் பெட்டி அடுக்கியிருந்தது, 1983-இல் சனிக்கிழமைக் காலை கார்ட்டூன்கூட வந்தது. அதே வருடம் ஃப்ராங்க் மென்ட்சர் எழுதிய சிவப்புப் பெட்டி பதிப்பு ஒன்று வந்தது, விளையாட்டு வடிவமைப்பில் ஆர்வம் உள்ளவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும். விதியிலிருந்து தொடங்காமல் ஒரு குட்டிக் கதையிலிருந்து தொடங்கும். நீங்கள் ஒரு போர்வீரன், குகைக்குள் போகிறீர்கள், அலீனா என்ற பெண் உங்களுக்கு உதவுகிறாள், பார்கிள் என்ற கெட்ட மந்திரவாதி அவளைக் கொன்றுவிடுகிறான். போகிற போக்கில் விதிகள் வரும். இன்றைக்கும் ஐம்பது வயதுக்காரர்களிடம் பார்கிள் என்று சொல்லிப் பாருங்கள், பல்லைக் கடிப்பார்கள். தனியாக உட்கார்ந்து படிப்பவனுக்கு விளையாட்டு எப்படி ஓடும் என்று காட்டியதால்தான் அந்தப் பதிப்பு அவ்வளவு ஓடியது என்பது என் கருத்து.

அந்தக் காலத்து சாத்தான் பீதியையும் சொல்லாமல் விட முடியாது. 1979-இல் மிச்சிகனில் ஒரு கல்லூரி மாணவன் காணாமல் போனதற்கு இந்த விளையாட்டைக் காரணமாகச் சொல்லிப் பத்திரிகைகள் எழுதின, அப்புறம் தேவாலயங்கள், பெற்றோர் சங்கங்கள், 1985-இல் சிபிஎஸ் தொலைக்காட்சியின் 60 மினிட்ஸ் வரை விவகாரம் போனது. விளைவு? 1979-க்குப் பிறகு விற்பனை ஏறியது. திட்டித் திட்டியே விளம்பரம் கொடுத்தார்கள். பேர் கெட்டதால் விளையாட்டு முடங்கிக் கிடந்தது என்ற கதையை நான் முழுசாக நம்பாததற்கு இதுதான் காரணம். ஒரு சின்ன வேடிக்கை: விளையாட்டு பிறந்த அதே விஸ்கான்சினில் ஒரு சிறைச்சாலை, இது கும்பல் மனப்பான்மையை வளர்க்கும் என்று தடை போட்டது, 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தடை செல்லும் என்றது.

"பார்த்துத்தான் கற்க வேண்டும்" என்ற என் வாதத்துக்கு நல்ல சாட்சி அமெரிக்காவில் இல்லை, ஜப்பானில் இருக்கிறது. 1986-இல் காம்ப்டிக் என்ற கணினி விளையாட்டுப் பத்திரிகையில் குரூப் எஸ்என்இ என்ற குழுவினர் தாங்கள் விளையாடிய டி அண்ட் டி ஆட்டத்தை, யார் என்ன சொன்னார்கள், எங்கே சொதப்பினார்கள் என்று நாடக வசனம் மாதிரி தொடராக வெளியிட்டார்கள். ரீப்ளே என்று அதற்குப் பெயர். அந்தத் தொடர்தான் பின்னால் நாவலாகி, அனிமேயாகிப் புகழ்பெற்ற ரெக்கார்ட் ஆஃப் லோடோஸ் வார். வாசகர்கள் கதைக்காகப் படித்தார்கள், படித்து முடித்தபோது விளையாடத் தெரிந்திருந்தது. பிற்காலத்தில் நிக்கோநிக்கோ காணொளித் தளத்தில் ரீப்ளே வீடியோக்கள் குவிந்தபோது அதே கதை மறுபடி நடந்தது, இந்த முறை கால் ஆஃப் கதுலு என்ற 1981-ஆம் வருடத்து அமெரிக்கத் திகில் விளையாட்டுக்கு. இன்று ஜப்பானில் டி அண்ட் டி-யைவிட அதுதான் பெரிது. காணொளி எதைக் காட்டியதோ அதையே மக்கள் விளையாடினார்கள்.

ஆங்கில உலகத்துக்கு இது வந்து சேர்ந்தது 2015 மார்ச் 12 அன்று. லாஸ் ஏஞ்சல்ஸில் கார்ட்டூன்களுக்கும் கணினி விளையாட்டுகளுக்கும் குரல் கொடுக்கும் நடிகர்கள் சிலர், தங்களுக்குள் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்ததை அப்படியே ட்விட்ச் தளத்தில் நேரலையாகக் காட்டத் தொடங்கினார்கள். கிரிட்டிக்கல் ரோல், டிஎம் மேத்யூ மெர்சர். ஒரு பகுதி மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் போகும். யார் பார்ப்பார்கள் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். 2019-இல் ஒரு குறும்படம் எடுக்க ஏழரை லட்சம் டாலர் வேண்டும் என்று கிக்ஸ்டார்ட்டரில் ரசிகர்களிடம் கேட்டார்கள், ஒரு கோடியே பதின்மூன்று லட்சம் டாலருக்கு மேல் வந்து விழுந்தது. அது பின்னால் அமேசான் பிரைமில் தி லெஜண்ட் ஆஃப் வாக்ஸ் மாக்கினா என்ற கார்ட்டூன் தொடர் ஆனது. 2023-இல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் உட்கார்ந்து விளையாடினார்கள். 2025 ஜனவரியில் டைமென்ஷன் 20 என்ற இன்னொரு குழு நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனை நிரப்பியது, நீங்கள் கேட்ட அரங்கம் அதுதான்.

இவர்களின் பெரிய உபகாரம் நடிப்பு இல்லை. விதி மறந்துபோய் புத்தகத்தைப் புரட்டுவது, ஒருத்தர் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டே உருட்டுவது, டிஎம் எதிர்பாராததை யாராவது செய்தால் அவர் தலையில் கை வைப்பது, ஒரு கதாபாத்திரம் செத்தால் மேசையே அமைதியாவது எல்லாமே திரையில் தெரிந்தது. பார்த்தவன் "அட, இவ்வளவுதானா, இதை நாமும் செய்யலாமே" என்று நினைத்தான்.

நேரமும் பொருந்தியது. அதற்கு முந்தைய 2008-ஆம் வருட நான்காம் பதிப்பில் ஒரு சண்டை முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும், கட்டம் போட்ட பலகை இல்லாமல் ஆட முடியாது. பாதிப் பேர் பாத்ஃபைண்டர் என்ற போட்டி விளையாட்டுக்கு ஓடிவிட்டார்கள். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு நிறையக் கணக்குகளைத் தூக்கிப் போட்டது. சூழ்நிலை சாதகமா, இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடு. பாதகமா, சிறியதை எடு. முன்பெல்லாம் கூட்டல் 2, கழித்தல் 4 என்று ஒரு பட்டியலே இருந்த இடம் இது. திரையில் பார்ப்பவனுக்கும் உடனே புரியும். அடிப்படை விதிகளை இலவசமாகவும் கொடுத்தார்கள். கிரிட்டிக்கல் ரோல் குழுவே வீட்டில் பாத்ஃபைண்டர் ஆடிக்கொண்டிருந்தவர்கள்தான், நேரலைக்காக ஐந்தாம் பதிப்புக்கு மாறினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் வந்தது 2016 ஜூலையில். முதல் பகுதியிலேயே பையன்கள் வீட்டின் அடித்தள அறையில் உட்கார்ந்து டி அண்ட் டி விளையாடுகிறார்கள், நல்ல காட்சி. ஆனால் அதைப் பார்த்து ஆசைப்பட்ட ஒருவன் தேடினால் கிடைக்க புதிய எளிய பதிப்பும் நூற்றுக்கணக்கான மணி நேர ஆட்ட வீடியோவும் ஏற்கெனவே தயாராக இருந்தன. இதே தொடர் 2009-இல் வந்திருந்தால் ஆசைப்பட்டவன் கடைக்குப் போய், கனமான மூன்று புத்தகத்தைப் பார்த்து, திரும்பி வந்திருப்பான்.

அப்புறம் கொரோனா. ரோல்20 மாதிரியான இணைய மேசைகள் 2012-இலிருந்தே இருந்தன, குழுவாகப் பேசிக்கொள்ளும் செயலியான டிஸ்கார்ட் 2015-இல் வந்தது, ஊரடங்கில் எல்லோரும் அங்கே போய் உட்கார்ந்தார்கள். இதனால் பெரிய ஊரில் இருந்தால்தான் குழு கிடைக்கும் என்ற நிலை போனது. விளையாடுபவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பெண்கள் என்று நிறுவனம் அந்தச் சமயத்தில் சொன்னது, பழைய காலத்துக் கிளப்புகளைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். எழுதுபவர்களும் மாறினார்கள். 2022-இல் வந்த ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடெல் தொகுப்பின் சாகசங்கள் (மேசையில் ஆடத் தயாராக எழுதிய கதைகள்) எல்லாம் வெள்ளையர் அல்லாத எழுத்தாளர்கள் எழுதியவை, அதில் நம் நாட்டு எழுத்தாளர் மிமி மண்டல் எழுதியதும் ஒன்று. ஓக் மரமும் டிராகனுமாகவே இருந்த உலகத்தில் நம் பக்கத்து ஆறும் மூடுபனியும் வந்தது எனக்கு மகிழ்ச்சி.

பணம் வந்தால் பிரச்சினையும் வருமே. டி அண்ட் டி-யின் உரிமை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்திடம், அதை 1999-இல் வாங்கியது ஹாஸ்ப்ரோ. 2022 டிசம்பரில் முதலீட்டாளர்களிடம் பேசும்போது, இந்தப் பெயரிலிருந்து இன்னும் போதிய பணம் எடுக்கவில்லை, விளையாடுபவர்களில் டிஎம்கள் 20 சதவீதம்தான், காசு செலவழிப்பதில் அவர்கள்தான் பெரும்பங்கு என்று நிர்வாகம் சொன்னது. மற்றவர்களிடமும் கறக்க வேண்டும் என்பதுதான் உள்ளர்த்தம். அடுத்த மாதமே, 2000-ஆம் வருடத்திலிருந்து யார் வேண்டுமானாலும் இந்த விதிகளை வைத்துத் தங்கள் புத்தகங்களை விற்கலாம் என்றிருந்த உரிமத்தை மாற்றி, பெரிய வெளியீட்டாளர்களிடம் ஏழரை லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்தில் 25 சதவீதம் வரை கேட்கும் வரைவு கசிந்தது. ரசிகர்கள் கொதித்துப்போய் நிறுவனத்தின் இணைய சேவையான டி அண்ட் டி பியாண்ட் தளச் சந்தாவை வரிசையாக ரத்து செய்தார்கள். அந்த ஜனவரி முடிவதற்குள் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதித் தொகுப்பையே யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போட்டுவிட்டது. இனி திரும்ப வாங்க முடியாது. போட்டியாளரான பாத்ஃபைண்டர் எட்டு மாதத்துக்கு வைத்திருந்த புத்தக இருப்பு இரண்டே வாரத்தில் தீர்ந்தது.

அந்தக் கலவரத்தால் மவுசு குறைந்ததா என்றால் இல்லை. 2023 ஆகஸ்டில் பால்டர்ஸ் கேட் 3 வந்து, அந்த வருடத்தின் சிறந்த கணினி விளையாட்டு விருதை வாங்கி, இன்னொரு கூட்டத்தை மேசைக்கு அனுப்பியது. 2024-இல் ஐம்பதாவது வருடத்துக்கு அமெரிக்கத் தபால்துறை தபால்தலையே வெளியிட்டது. சாத்தான் விளையாட்டு என்றவர்கள் ஊரில்!

இப்போது கசப்பான பக்கம். பார்ப்பவர்கள் அத்தனை பேரும் ஆடுவதில்லை. கிரிக்கெட் பார்ப்பவர் எல்லாம் மட்டையைத் தூக்காதது போல என்று விட்டுவிடலாம்தான், ஆனால் ஆட வருபவர்களிலும் பலர் தேர்ந்த நடிகர்களைப் பார்த்துவிட்டு, தன் நண்பன் நடத்தும் முதல் ஆட்டம் அப்படி இல்லையே என்று முகம் சுளிக்கிறார்கள். இதற்கு மெர்சர் எஃபெக்ட் என்றே பெயர் வைத்துவிட்டார்கள், அவரே கூச்சப்பட்டு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. அடுத்தது டிஎம் பஞ்சம். ஆட ஐந்து பேர் ரெடி, நடத்த ஆள் இல்லை. அதனால் காசு வாங்கிக்கொண்டு நடத்தும் டிஎம்கள் ஒரு தொழிலாகவே வந்துவிட்டார்கள், ஸ்டார்ட்ப்ளேயிங் மாதிரியான தளங்களில் ஓர் ஆட்டத்துக்கு ஆளுக்குச் சுமார் 15 முதல் 25 டாலர். சிலருக்கு இது கேட்கவே உறுத்தும், எனக்கு உறுத்தவில்லை. நாலு மணி நேர ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு மூன்று மணி நேரத் தயாரிப்பு இருக்கிறது. மூன்றாவது, எல்லோரும் பெரியவர்கள் ஆகிவிட்டதால் ஐந்து பேருக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைப்பது கஷ்டம். குழுக்கள் கலைவது டிராகனால் இல்லை, காலண்டரால்தான்.

இந்த அலை வடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். டி அண்ட் டி-யின் விற்பனை ஏறும், இறங்கும், அது ஹாஸ்ப்ரோவின் கவலை. ஆனால் நிறையப் பேருக்கு விளையாடத் தெரிந்துவிட்டது, அதைத் திருப்பி எடுக்க முடியாது. 2021-இல் அவதார் கார்ட்டூனை வைத்து வந்த ரோல்பிளேயிங் கேமுக்கு கிக்ஸ்டார்ட்டரில் 95 லட்சம் டாலர் சேர்ந்தது, கிரிட்டிக்கல் ரோல் குழுவின் நிறுவனமே 2025-இல் டாகர்ஹார்ட் என்று சொந்த விளையாட்டை வெளியிட்டது. மக்கள் டி அண்ட் டி-யைத் தாண்டிப் போகத் தொடங்கியிருக்கிறார்கள்.

தொடங்க ஆசை இருந்தால்: எதையும் வாங்காதீர்கள். விதிகள் இலவசம், பகடைக்குக் கைபேசிச் செயலி போதும், விதிகள் ஆங்கிலத்தில் இருந்தாலும் மேசையில் தாராளமாகத் தமிழில் பேசலாம், காவலாளி கோயம்புத்தூர்த் தமிழ் பேசினால் இன்னும் நல்லது. கதாபாத்திரங்களை நீங்களே தயார் செய்து கையில் கொடுத்துவிடுங்கள், முதல் நாளே உருவாக்க விட்டால் ராத்திரி அதிலேயே போய்விடும். 2014 ஸ்டார்ட்டர் செட்டில் வந்த லாஸ்ட் மைன் ஆஃப் ஃபண்டெல்வர் சாகசம் யாரிடமாவது இரவல் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். ஒரே எச்சரிக்கை, அதன் முதல் சண்டையில் பாதையோரம் ஒளிந்திருக்கும் நாலு கோப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்) புதுக் குழுக்களைக் காலி செய்வதில் பேர்போனவை. இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.